நிச்சயமின்மையின் பங்கீடு

1921 மார்ச்சில் பிரிட்டிஷ் இந்திய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி முடித்தபோது, இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள் 25.1 கோடியாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். 1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்த இன்புளுயன்சா இந்தியாவில் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் இரண்டு கோடி வரையிலான உயிர்களைக் கொண்டுபோனதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடுகளுக்கெல்லாம் அடிப்படை அந்தக் கணக்கெடுப்பு.

சரியாக நூறு ஆண்டு கழித்து 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1881 முதல், 1941இல் உலகப் போருக்கு நடுவிலும்கூட விடாமல் நடந்துவந்த ஒரு வழக்கம் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா ஓய்ந்த பிறகும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இது புள்ளிவிவரத் துறையினரின் கவலை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு மானிய தானியம் என்பது 2011 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கணக்கு பழையதாகவே நிற்பதால் பத்து கோடிக்கு மேற்பட்டோர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று பொருளியலாளர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் ஊரடங்கின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார்கள்.

இறந்தவர்களின் கணக்கும் தீரவில்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த மரணங்கள் சுமார் 1.49 கோடி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 47 இலட்சம். இந்திய அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. மதிப்பீட்டு முறையையே அரசு ஏற்க மறுத்தது. எத்தனை பேர் போனார்கள் என்பதிலேயே பத்து மடங்கு வேறுபாடு இருக்கும்போது, இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை எவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியும்?

பெருந்தொற்றுக்குப் பிந்தைய உலகைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘நிச்சயமற்ற காலம்’ என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. மழை எல்லார் வீட்டின் மேலும் பெய்வதுபோல நிச்சயமின்மை மனிதகுலம் முழுவதன் மேலும் ஒரே அளவாக இறங்கியது என்ற தொனி அதில் இருக்கிறது. கடந்த ஆண்டுகளின் தரவுகளை அடுக்கிப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. நிச்சயமின்மை பங்கிடப்படுகிறது. மேலே இருப்பவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே தள்ளிவிடுகிறார்: அரசு குடும்பத்திடம், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடம், பணக்கார நாடு ஏழை நாட்டிடம். எங்கேனும் ஒரு நிறுவனமோ அரசோ அதைத் தானே ஏற்றுக்கொண்டபோது கீழே இருப்பவர்கள் மூச்சுவிட்டார்கள். அந்தக் கை விலகியதும் பழைய நிலை திரும்பியது. இந்தக் கட்டுரை பார்க்க முனைவது அந்தப் பங்கீட்டின் வழிகளை.

இதற்கான பொருளியல் அடித்தளமும் 1921இல் வந்ததுதான். அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் அந்த ஆண்டு வெளியிட்ட நூலில், அளக்க முடிந்த இடரையும் அளக்கவே முடியாத நிச்சயமின்மையையும் வேறுபடுத்தினார். வீடு தீப்பிடிக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று கணக்கிட முடியும். அதனால் காப்பீடு விற்க முடியும். இதுவரை நடந்திராத ஒன்றுக்கு வாய்ப்பு இவ்வளவு என்று சொல்ல அடிப்படையே இல்லை. அதற்குக் காப்பீடும் இல்லை. அந்த நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்வதற்கான வெகுமதிதான் முதலாளியின் இலாபம் என்பது நைட்டின் வாதம். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இந்த வாதத்தைப் படிக்கையில் ஓர் உறுத்தல் வருகிறது. 2020இல் நிச்சயமின்மையைத் தாங்கியவர் ஒருவர், இலாபம் பெற்றவர் வேறொருவர்.

இப்போது உலக நிச்சயமின்மைக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. முதலீட்டாளர்களும் நிறுவனங்களும் படிக்கும் நாடுவாரி அறிக்கைகளில் நிச்சயமின்மையைக் குறிக்கும் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி அதைத் தயாரிக்கிறார்கள். 2020இன் முதல் காலாண்டில் அது அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. பயனுள்ள குறியீடுதான். ஆனால் அறிக்கை எழுதுகிறவரின் பதற்றத்தைத்தான் அது அளக்கிறது. அடுத்த வாரம் ஷிப்ட் உண்டா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை இரவு மேஸ்திரிக்கு போன் போட்டுக் கேட்கிறவரின் பதற்றம் அதில் ஏறாது.

வரலாறு என்ன சொல்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழித்தது. ஆட்கள் குறைந்ததால் கூலி உயர்ந்தது. நிலவுடைமையாளர்களின் பிடி தளர்ந்தது. பேரழிவுகளே ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தியிருக்கின்றன என்று வரலாற்றாசிரியர் வால்டர் ஷைடல் 2017இல் ஒரு தடித்த நூலே எழுதினார். ஆனால் இந்தக் கதையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கூலி உயரத் தொடங்கியதுமே இங்கிலாந்து அரசு 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் போட்டு, கொள்ளைநோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்பதைக் குற்றமாக்கியது. அந்த மனக்கசப்பு 1381இல் உழவர் கலகத்தில் வந்து நின்றது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. மேற்கு ஐரோப்பாவில் பண்ணையடிமை முறை தளர்ந்தபோது, கிழக்கு ஐரோப்பாவில் அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது இறுகியது. மக்கள்தொகை சரிந்ததை மட்டும் வைத்து இந்த எதிரெதிர் விளைவுகளை விளக்க முடியாது, உழவர்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த பலம்தான் முடிவு செய்தது என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர் 1976இல் வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் பிரென்னர் பக்கம்.

கொரோனா விஷயத்தில் சமப்படுத்தல் வாதம் தொடக்கத்திலேயே தடுக்கி விழுகிறது. இந்த நோய் பெரும்பாலும் முதியவர்களைக் கொன்றது. உழைப்பவர்கள் பற்றாக்குறையாகும் அளவுக்கு ஆட்கள் குறையவில்லை. ஆலைகளும் நிலங்களும் பங்குகளும் அப்படியே இருந்தன. 1918இன் காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களைக் கொன்றது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். அதே ஆண்டு பருவமழையும் பொய்த்தது, தானிய விலை ஏறியது. 1918 ஏப்ரலில் சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1919 ஜனவரியில் பம்பாய் ஆலைகளின் பெரும் வேலைநிறுத்தம், 1920இல் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கக் கூட்டமைப்பு என்று அடுத்தடுத்து வந்த நிகழ்வுகளுக்குக் காய்ச்சலே காரணம் என்று சொல்வது மிகை. சென்னைச் சங்கம் காய்ச்சலுக்கு முன்பே பிறந்துவிட்டது. போர்க்கால விலைவாசியும் பஞ்சமும் நோயும் சேர்ந்து அழுத்தியபோது, கேட்பதற்கு ஓர் அமைப்பு கையில் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். 2020இல் இந்தியத் தொழிலாளர்களில் பெரும்பாலோரிடம் அப்படியொன்று இல்லை.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். அவகாசம் நான்கு மணி நேரம். கையிலெடுத்த சட்டம் பம்பாய் பிளேக்குக்காக 1897இல் ஆங்கிலேயர் போட்ட கொள்ளைநோய்ச் சட்டமும், அதனோடு 2005இன் பேரிடர் மேலாண்மைச் சட்டமும். அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு சரிந்தது. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் படங்கள் பேசப்பட்ட அளவுக்கு, அந்தச் சரிவு எந்தெந்தக் கதவுகள் வழியாகக் கீழே இறங்கியது என்பது பேசப்படவில்லை.

ஒரு கதவு ஒப்பந்தம். 2020 மார்ச், ஏப்ரலில் மேற்கத்திய ஆடை நிறுவனங்கள் வங்கதேச ஆலைகளுக்குக் கொடுத்திருந்த 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. துணி வெட்டித் தைத்து முடிந்திருந்தது. கப்பலேறும் வரை பணம் கிடையாது என்பது இந்தத் தொழிலின் ஏற்பாடு. எனவே லண்டன் கடைத்தெரு மூடப்பட்டதன் நட்டம் டாக்கா புறநகரின் வாடகை வீட்டில் வந்து நின்றது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டாவது அடி நோய் தணிந்த பிறகு விழுந்தது. 2021 இறுதியில் பருத்தி விலையும் நூல் விலையும் ஏறத் தொடங்கின. ஆர்டர் எடுக்கும்போது பேசிய விலை ஒன்று, நூல் வாங்கும் நாளில் விலை வேறு. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் ஊரையே அடைத்துப் போராட்டம் நடந்தது. 2022 ஏப்ரலில் பருத்தி இறக்குமதி வரியை ஒன்றிய அரசு தற்காலிகமாக நீக்கியது. நூல் விலை இறங்கி வந்தபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலைவாசி ஏறி ஆர்டரே குறைந்திருந்தது. பெரிய ஏற்றுமதியாளர் இதைச் சமாளிப்பார். அவரிடம் ஜாப் ஒர்க் எடுத்து நான்கு தையல் மெஷின் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அக்காவுக்கு அந்த வாரம் வேலை இருக்காது.

இன்னொரு கதவு கடன். 2020 மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி தவணை கட்டுவதற்கு மூன்று மாத அவகாசம் தந்து, பிறகு அதை ஆகஸ்ட் வரை நீட்டித்தது. பலருக்குப் பின்னர்தான் புரிந்தது, தள்ளிவைக்கப்பட்டது தவணை மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது என்று. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. வட்டியையே தள்ளுபடி செய்யும் கோரிக்கையை ஏற்கவில்லை. சிறுதொழில்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் மூன்று இலட்சம் கோடி ரூபாய்க் கடன் என்ற திட்டம் 2020 மே மாதம் வந்தது. அது ஏற்கெனவே வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் நிலுவை உள்ளவர்களுக்கு, அந்த நிலுவையில் 20 விழுக்காடு வரை கூடுதலாகத் தரும் திட்டம். பைனான்ஸ்காரரிடம் வாங்கித் தொழில் நடத்தியவருக்கு அதில் நுழைய வழியே இல்லை.

ஊருக்குத் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்? இந்தியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை செய்வோரில் வேளாண்மையில் இருப்பவர்களின் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடு. 2020-21இல் அது 46.5 ஆனது. ஒரு நாடு வளர வளர உழவில் இருப்போரின் பங்கு குறையும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பல பத்தாண்டுகளாக இந்தியாவிலும் அப்படித்தான் குறைந்துவந்தது. அது திரும்பியதை நெருக்கடிக்கால விபத்து என்று கருதியிருக்கலாம். ஆனால் 2023-24இலும் அது 46 விழுக்காட்டிலேயே நின்றது. மொத்த உற்பத்தி எப்போதோ பழைய அளவைத் தாண்டிவிட்டது; ஆட்களின் பங்கு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நிலம் இவர்களுக்கு வேலை கொடுத்தது என்பதைவிட, வேலையின்மையைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டது என்பதே பொருந்தும். மூன்று பேர் செய்த வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள்.

பெண்களின் கணக்கு இதைவிடக் குழப்பமானது. 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்த பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2023-24இல் 41.7 ஆக உயர்ந்திருக்கிறது. ஆட்சியில் இருப்பவர்கள் இதை வெற்றியாக அறிவித்தார்கள். எண்ணைப் பிரித்துப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. 2017-18இல் வேலை செய்த பெண்களில் 21 விழுக்காட்டினர் மாதச் சம்பளக்காரர்கள். 2022-23இல் அது 16 ஆனது. அந்த ஆண்டில் உழைக்கும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் கூலி பெறாமல் உதவுகிறவர்கள். அதாவது கணவரின் கடையிலோ மாமனாரின் வயலிலோ கையில் காசு வராத உழைப்பு. இதில் ஒரு பகுதி முன்பே இருந்த உழைப்பு இப்போது கணக்கில் ஏறியது என்பதாகவும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. மீதி, வருமானம் சுருங்கிய குடும்பம் தன் கடைசிக் கையிருப்பை இறக்கியதுதான்.

இன்னொரு கையிருப்பு நகை. தமிழ்க் குடும்பங்களில் நிச்சயமின்மையின் கணக்குப் புத்தகம் அடகுச் சீட்டுதான் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆண்டுகளில் நகைக்கடன் நாடு முழுவதும் வேகமாக வளர்ந்தது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, 2020-21இல் செலவழிக்க வழியில்லாததால் நாட்டின் உற்பத்தியில் பதினொரு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது; 2022-23இல் ஐந்து விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. பல பத்தாண்டுகளில் இல்லாத சரிவு. வீடும் வாகனமும் வாங்கக் கடன் எடுத்ததால்தான் இப்படி, இது நம்பிக்கையின் அறிகுறி என்று நிதியமைச்சகம் விளக்கியது. வசதியானவர்களைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஒரே எண் இரண்டு வகைக் குடும்பங்களின் கதையைச் சேர்த்துச் சொல்லும்போது, உரக்கப் பேசுகிறவரின் கதையே கேட்கும்.

இதற்கு நடுவில் அரசு ஏற்றுக்கொண்ட சுமைகளையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2020-21 பட்ஜெட்டில் 61,500 கோடி ஒதுக்கி, பிறகு 40,000 கோடி கூட்டினார்கள். அந்த ஆண்டு ஏழரைக் கோடிக் குடும்பங்கள் 389 கோடி மனித நாட்கள் வேலை பெற்றன. திட்டம் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத அளவு. கொரோனாவுக்காகத் தொடங்கிய இலவச தானியம் வெவ்வேறு வடிவங்களில் இன்றுவரை 80 கோடிப் பேருக்குத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 4,000 ரூபாய் தந்தார்கள், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 இலட்சம் வைப்பு வைத்தார்கள். ரேஷன் கடை எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தப் பணம் சில வாரங்களிலேயே போய்ச் சேர்ந்தது. ஒரு நெருக்கடியில் புதிதாக எதையும் கட்ட முடியாது. இருப்பதைத்தான் பயன்படுத்த முடியும்.

நாடுகளுக்கு இடையிலான பங்கீட்டைப் புரிந்துகொள்ள இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் போட முடியாது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் சுற்றுலா விழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பதவியேற்ற கோத்தபாய ராஜபக்ச அரசு மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காடாக வெட்டியது. அதன்மேல் 2020இல் விமானங்கள் நின்றன. வெளிநாட்டுச் சந்தையில் கடன் புதுப்பிக்க முடியாமல் போனபோது, அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். இயற்கை வேளாண்மை என்று பெயர் சூட்டினார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் விழுந்தது. ஏழெட்டு மாதத்தில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 70 விழுக்காடு ஏறியிருந்தது.

மலையகத்தில் இது எப்படி இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்கூலி 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். கூலி ஐந்து டாலர். அடுத்த ஆண்டு ரூபாய் 360க்கு விழுந்தபோது அதே ஆயிரம் மூன்று டாலருக்கும் குறைந்துபோனது. மாவு விலையும் மண்ணெண்ணெய் விலையும் டாலரோடு ஏறின, கூலி அசையவில்லை. அடுத்து கூலி 1,350 ஆக உயர 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 மார்ச் முதல் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் ஈழத் தமிழர் குடும்பங்கள் படகில் வந்து இறங்கின. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, இம்முறை அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் தப்பி.

கடனை மறுசீரமைத்த விதம் இன்னும் பாடமானது. 2023இல் உள்நாட்டுக் கடனைக் குறைத்தபோது வங்கிகளின் கையிலிருந்த அரசுப் பத்திரங்களைத் தொடவில்லை. வங்கி சரிந்தால் எல்லாம் சரியும் என்று காரணம் சொன்னார்கள். தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்கள் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றப்பட்டன: 2025 வரை 12 விழுக்காடு, பிறகு 9. விலைவாசி 70 விழுக்காட்டைத் தொட்டுவந்த ஒரு நாட்டில் இதன் பொருள், தையற்சாலைப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியும் ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த பணம் உருகியது என்பதுதான். வெளிநாட்டுப் பத்திரதாரர்களோடு 2024 இறுதியில் முடிந்த ஏற்பாட்டில், இலங்கையின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகத் தரவேண்டும், மோசமானால் குறையும் என்று நிபந்தனை இருக்கிறது. தம் பங்கு நிச்சயமின்மையை எப்படிப் பேரம் பேசி எழுதிக்கொள்வது என்று அறிந்தவர்கள் அவர்கள். சேமலாப நிதியின் உறுப்பினரோடு யாரும் பேரம் பேசவில்லை.

இலங்கை தனியாக இல்லை. ஜாம்பியா 2020 நவம்பரிலும், கானா 2022 டிசம்பரிலும் கடன் கட்ட முடியாமல் நின்றன. சர்வதேச நாணய நிதியம் 2021 ஆகஸ்டில் 65,000 கோடி டாலர் மதிப்பிலான சிறப்பு எடுப்புரிமைகளைப் பகிர்ந்தபோது, நாடுகளின் பங்குத்தொகை விகிதப்படி பகிர்ந்தது. அதனால் பெரும்பகுதி அதற்குத் தேவையே இல்லாத பணக்கார நாடுகளுக்குப் போய், மிக ஏழை நாடுகளுக்குச் சுமார் 2,100 கோடி கிடைத்தது. கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. 2023இல் கணக்கிட்டது.

மறுபக்கத்தில் அமெரிக்கா ஒரு பரிசோதனைக்கூடமாக இருந்தது. 2020 மார்ச்சில் 2.2 இலட்சம் கோடி டாலர், 2021 மார்ச்சில் 1.9 இலட்சம் கோடி டாலர் என்று செலவிட்டார்கள். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 250 அல்லது 300 டாலர் பெற்றோரின் கணக்கில் நேரடியாக விழுந்தது. வரி, மானியம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. திட்டத்தை நீட்டிக்க நாடாளுமன்றத்தில் வாக்குகள் சேரவில்லை. 2022இல் வறுமை 12.4 விழுக்காட்டுக்கு ஏறியது. ஓராண்டு இடைவெளியில் அரசின் கை நீண்டதையும் விலகியதையும் இவ்வளவு துலக்கமாகக் காட்டும் எண்கள் சமூக அறிவியலில் அபூர்வம்.

இப்படிப் பணத்தை இறைத்ததால்தான் 2022 ஜூனில் அமெரிக்க விலைவாசி 9.1 விழுக்காடு ஏறியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தொடக்கக்கட்ட விலையேற்றத்துக்குப் பெரும் காரணம் எரிபொருள், உணவு விலைகளும் சரக்குத் தட்டுப்பாடும்தான் என்று பொருளியலாளர்கள் பெர்னான்கேயும் பிளான்ஷாரும் 2023இல் காட்டினார்கள். விவாதம் எப்படி முடிந்தாலும், அதை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தருகிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றியபோது, டாலரில் கடன் வாங்கிய நாடுகளின் வட்டிச் சுமையும் சேர்ந்து ஏறியது. அவற்றைக் கேட்டு யாரும் ஏற்றவில்லை.

பள்ளிக்கூடங்கள் இந்த ஆய்வில் தனி இடம் பெற வேண்டியவை, ஏனென்றால் இங்கே நட்டம் அளக்கப்பட்டிருக்கிறது, ஓரளவு மீட்கப்பட்டும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். உகாண்டாவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடியிருந்த பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தன. கிராமப்புற இந்தியாவில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 27 விழுக்காடு, 2022இல் 20.5. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர் செய்தது. 2021 டிசம்பரில் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் பெரிதும் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் கூடுதலாக. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி. சாயங்காலத்தில் தெருவிலேயே ஒரு பட்டதாரிப் பெண் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த திட்டம். இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மீட்சி பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளிடம் அதிகமாக இருந்தது என்பது இதில் முக்கியம். மீட்க முடியாத இழப்பு ஏதோ ஒரு தலைமுறைக்கே நேர்ந்துவிட்டதாகப் பேசுவது சோம்பேறித்தனம் என்று இந்த ஆய்வைப் படித்தபின் எனக்குப் பட்டது. ஆனால் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களையும் அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமிகளையும் எந்தச் சாயங்கால வகுப்பும் திரும்பக் கூட்டிவராது.

வேலை, கடன், கல்வி தவிர்த்த சமூக மாற்றங்களைச் சுருக்கமாகவே தொடலாம், தரவுகள் மெலிந்தவை. முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. மனிதரின் சராசரி ஆயுள் 2019க்கும் 2021க்கும் இடையே 1.8 ஆண்டுகள் குறைந்து 71.4 ஆனது. முதல் பதினான்கு மாதங்களில் மட்டும் 15 இலட்சம் குழந்தைகள் பெற்றோரையோ வளர்த்த தாத்தா பாட்டியையோ இழந்தார்கள் என்று லான்செட் இதழில் வந்த மதிப்பீடு கூறியது. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலை பெருகியது. வேலை கொடுப்பவர் யார் என்றே தெரியாத அந்த வேலையில் மழை, விபத்து, பெட்ரோல் விலை எல்லாம் ஓட்டுகிறவரின் பொறுப்பு. தமிழ்நாடு 2023 இறுதியில் அவர்களுக்கென ஒரு நலவாரியம் அமைத்தது.

கடைசியாக, அடுத்த தொற்றுக்கான ஏற்பாடு. 2021 இறுதிக்குள் 200 கோடித் தடுப்பூசிகளை நாடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதாக இருந்த கோவாக்ஸ் திட்டம் அதில் பாதியைத்தான் எட்டியது. பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தது ஒரு காரணம். இரண்டாம் அலையில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது இன்னொன்று. தடுப்பூசிக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தும்படி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வணிக அமைப்பில் கேட்டன. 2022 ஜூனில் கிடைத்தது கேட்டதன் நிழல் மட்டுமே. இடையில், 2021 நவம்பர் இறுதியில் ஓமிக்ரானைக் கண்டறிந்து உலகுக்கு உடனே சொன்ன தென்னாப்பிரிக்காவுக்குச் சில நாட்களுக்குள் கிடைத்த கைம்மாறு விமானத் தடை. அந்த ஆண்டின் கோடைச் சுற்றுலா அதோடு போயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலகப் பெருந்தொற்று ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. விலகப்போவதாக அறிவித்திருந்த அமெரிக்கா அதில் இல்லை. பெருந்தொற்றின்போது மருந்து நிறுவனங்கள் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அதில் குறைந்தது பாதியை நன்கொடையாக என்று ஒப்பந்தம் பேசுகிறது. வைரஸ் மாதிரியையும் அதன் மரபணுத் தகவலையும் கொடுக்கும் நாடு எந்த நிபந்தனையில் கொடுக்கும், அதிலிருந்து உருவாகும் மருந்தில் அதற்கு என்ன உரிமை என்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்னால் தனி இணைப்பாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். அந்த இணைப்பு முடியும் வரை ஒப்பந்தத்தில் எந்த நாடும் கையெழுத்திட முடியாது.